நாணம் கேட்ட நரபலி

சென்னை திருவல்லிக்கேணியில் மாதர்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று உண்டு. அரசினர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்பது இன்று அதன் பெயர். ஆனால், அந்தப் பகுதி முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் வழி காட்டுவார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பாருண்டு. இந்தப் பெயரிலே ஒரு நாட்டின் நோயே இருக்கிறது! 1885-இல் அதைத் தொடங்கியபோது வைத்த பெயர், 'சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்குமான விக்டோரியா மருத்துவமனை' என்பதாகும். ஆடவர் கண்ணில் படலாகாது என்று திரைக்குப் பின்னே வைக்கப்பட்டோர் கோஷாப் பெண்டிர். பிறர் தீண்டிய கட்டிலில் படுக்கலாகாது என்று வளர்க்கப்பட்டோர் சாதிப் பெண்டிர். நோய் இந்த இரண்டு வேலிகளையும் தாண்டி உள்ளே போயிற்று. மருத்துவர்தான் வெளியே நின்றார்.

அதனை நிறுவிய மேரி ஷார்லீப், சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. திரைக்குள்ளே, மகப்பேற்றிலே, மருத்துவம் காணாமல் மாளும் பெண்களின் நிலை கேட்டு மனம் பொறாதவராய், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் படியேறினார். அந்த ஆண்டு அங்கே சேர்ந்த பெண்கள் நால்வர். அவர்களுள் ஒருவர் அவர்.

1890-களில் திண்டிவனத்தில் நடந்தது இன்னும் கொடிது. அங்கே மருத்துவராக இருந்த அமெரிக்கப் பாதிரியாரின் மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று ஆடவர்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடிக்கின்றனர். "என் தந்தை மருத்துவர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதா? மூவரும் திரும்பிப் போயினர். சாதி வேறு, மதம் வேறு. சொன்ன சொல் மட்டும் ஒன்று! பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர் என்று ஐடாவே பின்னாளில் உரைத்தார். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது. வேலூரில் மருத்துவமனை கண்டார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் கண்டார்.

பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். இன்று ஊருக்கு ஊர் பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். திரை கிழிந்தது. உண்மைதான். ஆனால், அன்று வாசலில் நின்று மறித்தவன் கணவன். இன்று அவள் நெஞ்சுக்குள்ளேயே காவல் நிற்கிறது நாணம். அந்தக் காவலன் கேட்கும் நரபலி எத்தனை என்பதை எண்ணிக் காட்டவே இக்கட்டுரை.

கருப்பையின் வாயிலே தோன்றும் புற்றுநோயைச் சொல்கிறோம். 2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பின்படி, அந்த ஓராண்டில் ஏறத்தாழ 6,60,000 பெண்களை அது பற்றியது. 3,50,000 பேரைக் கொன்றது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பேருக்கு வந்தது; 80,000 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு இருநூறு பெண்களுக்கும் மேல்! ஒரு பேருந்து கவிழ்ந்து இருபது பேர் மாண்டால் ஏடுகள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. நாள்தோறும் பத்துப் பேருந்துகள் கவிழ்கின்றன, தோழர்களே, ஓசையே இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், மனிதனைப் பிடிக்கும் புற்றுநோய்களில் முன்கூட்டியே ஓலை அனுப்பிவிட்டு வருபவை மிகச் சில. அவற்றில் ஒன்று இது. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் நம் அண்ணனைப் பறித்துச் சென்றதும் புற்றுநோய்தான். நியூயார்க் வரை சென்று அறுவை செய்தும் காக்க முடியவில்லை. அவரைத் தாக்கிய பகைவன் சொல்லாமல் வந்தான். இவனோ சொல்லிவிட்டு வருகிறான். கருப்பை வாயில் உள்ள உயிரணுக்கள் முதலில் வடிவம் மாறுகின்றன. அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் கண்டுகொண்டால், அந்தச் சிறு பகுதியை உறையவைத்தோ, சுட்டோ, வெட்டியோ நீக்கிவிடலாம். ஓலை வந்தபடி இருக்கிறது. பிரித்துப் படிக்கத்தான் ஆளில்லை.

படிக்கக் கற்ற கதையைப் பார்ப்போம்.

1842-இல் இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், மணமான பெண்டிரிடம் காணும் இந்நோய் கன்னிமாடத்துத் துறவியரிடம் அரிதாக இருப்பதைக் கண்டார். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால், இத்தகைய உண்மை ஒழுக்கக் காவலர் கையில் கிடைத்தால் என்னவாகும்? கெட்ட நடத்தைக்குக் கிடைத்த தண்டனை இந்நோய் என்ற பழிச்சொல் பிறந்தது. உண்மை என்ன? மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி உடலுறவின் வழியே பரவுகிறது. வாழ்நாளில் ஒரு முறையேனும் அதன் தொற்றுக்கு ஆளாகாதவர் ஆண்களிலும் பெண்களிலும் குறைவு. பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டில் தானே மறைகிறது. மறையாமல் தங்கிவிடும் சிலருக்கே புற்றாகிறது. கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் வரும். கொண்டுவந்து கொடுத்தவனுக்குப் பழி இல்லை, பெற்றவளுக்குப் பழி! கற்பு என்ற தராசு எப்போதும் ஒரு பக்கமே சாய்கிறது என்று ஈரோட்டுப் பெரியவர் சொன்னதை மருத்துவ நூலும் மெய்ப்பிக்கிறது.

கருப்பை வாயைக் கண்ணால் காண ஒரு கருவி வேண்டும். பாம்பேயி நகரத்து இடிபாடுகளிலேயே அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. ஆயினும் இன்றைய ஸ்பெகுலத்துக்கு முன்னோடியான கருவி ஒன்று 1845-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஒரு கரண்டியின் காம்பை வளைத்துச் செய்யப்பட்டது. செய்தவர் மரியன் சிம்ஸ். அவர் கத்தி வைத்துப் பழகியது யார் உடலில்? அடிமைகளாக விலைபேசி வாங்கப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில். அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் வரலாற்றில் தங்கின. 1846-இல் ஈதர் மயக்கமருந்து வழக்குக்கு வந்த பின்னும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. அனார்க்காவை மட்டும் முப்பது முறை அறுத்தார். அவர்களிடம் இசைவு கேட்கவேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை. உடைமையிடம் யார் இசைவு கேட்பார்? நியூயார்க் பூங்காவில் சிலையாக நின்ற சிம்ஸ், 2018-இல்தான் அகற்றப்பட்டார்.

இனி ஒரு பெண். தன் உடலைத் தானே மனமுவந்து அறிவுக்கு அளித்தவள்.

1913-இல் கிரேக்க நாட்டிலிருந்து ஜார்ஜ் பாப்பனிகோலா என்பவர் மனைவி மேரியோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். மருத்துவம் படித்தவர்; ஆனால் மொழி தெரியாது, கையில் காசில்லை. கம்பளக் கடையில் விற்பனையாளர் வேலை அவருக்கு. பெரிய அங்காடி ஒன்றில் பட்டன் தைக்கும் கூலிவேலை மேரிக்கு. பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. கினிப்பன்றிகளின் உறுப்பிலிருந்து கசியும் நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவி உருப்பெருக்கியில் பார்த்தார். உடலின் இனப்பெருக்கச் சுழற்சி முழுவதும் அந்த உயிரணுக்களில் எழுதியிருந்தது. பெண்களிடமும் அப்படித்தானா என்றறிய வேண்டும். எந்தப் பெண் நாள்தோறும் வந்து நிற்பாள்? மேரி நின்றாள். ஒரு நாளல்ல, இரு நாளல்ல, ஆண்டுக்கணக்கில். கணவனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்து சென்ற நளாயினிக்குக் காலட்சேபம் நடத்தும் நாட்டிலே, இந்த மேரியைப் பற்றி ஒரு வரி சொல்ல ஆளில்லை! எந்தப் பத்தினியும் செய்யாததை அவள் செய்தாள்: தன் உடலை வெட்கப்படவேண்டிய பொருளாக அல்ல, அறியவேண்டிய பொருளாகக் கருதினாள்.

அந்தத் தகடுகளால் கண் பழகிய பாப்பனிகோலா, மருத்துவமனைக்கு வந்த பெண்களிடமிருந்து எடுத்த தகடுகளில் புற்றணுக்களைக் கண்டார். 1928 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்து மாநாடு ஒன்றில் அறிவித்தார். அறிஞர் அவை அசையவில்லை. அதற்கு முந்திய ஆண்டே ருமேனியாவில் ஆரெல் பாபெஷ் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தார். அதையும் யாரும் கேட்கவில்லை. 1941-இல் ஹெர்பர்ட் டிரவுட் என்னும் பெண்ணோய் மருத்துவரோடு சேர்ந்து பாப்பனிகோலா கட்டுரை வெளியிட்டார், 1943-இல் நூலாக்கினார். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் பெயரின் தலையை மட்டும் எடுத்து 'பாப் சோதனை' என்றனர். முறையாக நடத்திய நாடுகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு பாதிக்கும் கீழே சரிந்தது. இடையிலே போன பதின்மூன்று ஆண்டுகளில் மாண்ட பெண்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

வைரஸைக் கண்டவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன். 1983-லும் 1984-லும் இந்நோய்க்குத் தலையாய காரணமான இரு வகைகளை அவர் குழு பிரித்தெடுத்தது. 2008-இல் நோபல் பரிசு கிட்டியது. அவ்விரண்டில் ஒன்று, ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினத் தாயின் உயிரணுக்களிலும் இருந்தது. 1951-இல், 31 வயதில், ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு இதே நோயால் பால்டிமோரில் மாண்டவர் அவர். அவரைக் கேளாமலே எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலகின் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

அறிவு வந்தால் போதுமா? போதாது என்பதற்கு நியூசிலாந்து சான்று. ஆக்லாந்து நகரத்து மாதர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்று ஒரு பேராசிரியர். புற்றுக்கு முந்திய மாற்றம் புற்றாக மாறாது என்பது அவருடைய திடமான எண்ணம். எண்ணம் இருக்கட்டும், அதை மெய்ப்பிக்க, 1966 முதல், மாற்றம் கண்ட பெண்கள் பலருக்கு உரிய சிகிச்சை செய்யாமல், வரச்சொல்லி வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நாம் ஆராய்ச்சிப் பொருளாக இருக்கிறோம் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. 'டாக்டர் பார்க்கிறார்' என்று நம்பி வந்தார்கள். பலருக்குப் புற்று முற்றியது, சிலர் மாண்டனர். உடன் பணியாற்றிய மருத்துவர்கள் சிலர் எதிர்த்தனர், பலனில்லை. 1987-இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் ஒரு மாத ஏட்டில் எழுதி அம்பலப்படுத்தினார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988-இல் அறிக்கை தந்தார். நோயாளியின் உரிமை என்பதே அந்நாட்டில் சட்டமாவதற்கு அதுதான் வித்து. கவனியுங்கள்: மூடநம்பிக்கை காவி உடுத்தித்தான் வரவேண்டும் என்பதில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டியும் வரும். கேள்வி கேட்கப்படாத இடம் எதுவோ அதுவே அதற்குக் கோயில்.

நம் நாட்டுக்கு வருவோம். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவரானார்; பொட்டுக்கட்டும் இழிவை ஒழிக்க வாதாடினார். சட்டம் 1947-இல் வந்தது. தங்கை புற்றுநோய்க்குப் பலியானதைக் கண்ணால் கண்ட அந்த அம்மையார்தான் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்தில் இருந்தவை பன்னிரண்டு படுக்கைகள். கடவுளுக்குப் பெண்ணைத் தாரைவார்ப்பதை எதிர்த்தவரும், நோய்க்குப் பெண்ணைத் தாரைவார்ப்பதை எதிர்த்தவரும் ஒருவரே என்பது தற்செயல் அல்ல என்றே நாம் எண்ணுகிறோம்.

பாப் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். பயின்ற கண் வேண்டும். சிற்றூருக்கு என்ன வழி? வழி சமையலறையிலேயே இருந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது நம் காடி. அதைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட பகுதி வெள்ளையாகத் தெரியும். விளக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் போதும். இது பயன்படுமா என்று திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் சோதித்துப் பார்த்தார்கள். அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவமனையும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய பணி அது. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்தனர். வந்தவர் 31,343 பேர். முடிவு 2007-இல் வெளிவந்தது: ஒரே ஒரு முறை பார்த்ததனாலேயே, அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது, இறப்பு 35 பங்கு குறைந்தது. உலகம் முழுதும் மேற்கோள் காட்டும் முடிவு, நம் திண்டுக்கல்லில், காடியாலும் செவிலியர் கையாலும் விளைந்தது!

ஒப்பிட்டுப் பார்க்க விடப்பட்ட ஊர்களில் 30,958 பெண்கள் இருந்தனர். அவர்களுக்குச் சோதனை கிட்டவில்லை. அது அறமா என்று பின்னாளில் கேள்வி எழுந்தது. எழுந்தது நன்று; ஆக்லாந்தை அறிந்தவர் அதைக் கேட்காமல் இருக்கமுடியாது. எனினும் நம்மை உறுத்துவது இன்னொரு கணக்கு. வீடுதேடி வந்து அழைத்தும், காசின்றிச் செய்தும், மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லையே, ஏன்?

'எனக்கு ஒன்றுமில்லையே' என்பது முதல் விடை. ஓலை வரும் காலத்தில் வலி இருக்காது என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வெள்ளைப்படுகிறதா, 'உடம்புச் சூடு' என்று வெந்தயமும் மோரும். உறவுக்குப் பின் உதிரம் கசிகிறதா, அதை யாரிடம் வாய்விட்டுச் சொல்வது? மாதவிலக்கு நின்றபின் மீண்டும் உதிரம் வருகிறதா, மாரியம்மனுக்கு ஒரு முடிச்சு மஞ்சள் துணியில். இவை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள், தோழர்களே! ஆனால் அந்த உறுப்பின் பெயரையே ஓசையோடு உச்சரிக்கக்கூடாது என்று பழக்கப்பட்டவள் எப்படிச் சொல்வாள்? அசாமின் காமாக்கியா கோயிலில் ஆண்டுக்கு மூன்று நாள் தேவிக்கு மாதவிலக்கு என்று கதவடைத்து, பிறகு சிவப்புத் துணியைப் பிரசாதமாக வழங்குகிறார்கள். தேவிக்கு என்றால் திருவிழா. தேவகிக்கு என்றால் தீட்டு! பள்ளியில் பாடம் சொல்லும் நம் தொழிலிலும் இந்த நாணம் உண்டு. இனப்பெருக்க மண்டலம் என்ற பாடம் வந்ததும் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் யார் சொல்லித்தருவார்?

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில், ஒரு முறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர் இந்தியாவில் நூற்றுக்கு 1.9, தமிழ்நாட்டில் 9.8. ஐந்து மடங்கு என்று மார்தட்டலாம். தேனியிலும் தஞ்சையிலும் 2007-இல் தொடங்கி, பின் மாநிலம் முழுதும் பரவிய அரசுத் திட்டத்தின் பயன் அது, மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் எங்கே? 35 வயதில் ஒருமுறை, 45 வயதில் ஒருமுறை என்று நூற்றுக்கு 70 பெண்களையேனும் 2030-க்குள் சோதித்தாக வேண்டும் என 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. தொண்ணூறு கதவுகளில் இன்னும் கோஷா தொங்குகிறது!

தடுப்பூசி வந்துவிட்டது. 2006 முதல் உலகில் வழங்கப்படுகிறது. 12, 13 வயதிலேயே அதைப் போட்டுக்கொண்ட ஸ்காட்லாந்துப் பெண்களிடம் ஒருவருக்குக்கூட இந்நோய் காணப்படவில்லை என்று 2024-இல் அந்நாடு அறிவித்தது. நம் நாட்டில் 2009-இல் கம்மம் மாவட்டத்திலும் வடோதராவிலும் சிறுமியர்க்குச் சோதனைமுறையில் போட்டபோது, பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர் கையெழுத்தையே இசைவாகக் கொண்டனர். சில சிறுமியர் இறந்தனர். அதற்கு ஊசி காரணமல்ல என்று விசாரணை கூறியது. ஆனாலும் 2010-இல் திட்டம் நின்றது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது. சொல்லிக் கேட்டுச் செய்யவேண்டியதை ஒளித்துச் செய்ததால், நல்ல ஊசிமீதே ஐயம் படிந்து, பல ஆண்டுகள் வீணாயின. 2023-இல் நம் நாட்டிலேயே செய்த ஊசி விற்பனைக்கு வந்தது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் என 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. வகுப்பறையில் அந்த அறிவிப்புத் தாளைக் கையில் பெறும் மாணவி, 'இது எதற்கு?' என்று கேட்பாள். கேட்கவேண்டும். அவளுக்கும் அவள் பெற்றோர்க்கும் முழுமையாக விடை சொல்ல ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஊசி மகளுக்கு. ஏற்கெனவே தங்கிவிட்ட கிருமியை அது விரட்டாது. நாற்பது வயதில், களையெடுத்துவிட்டோ, கடையைச் சாத்திவிட்டோ வீடு திரும்பும் அந்த மாணவியின் தாய்க்கு வேண்டியது சோதனைதான். அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசின்றிக் கிடைக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. செய்பவர் பெரும்பாலும் பெண் செவிலியர். தானே பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுத்தால் போதும் என்னும் வைரஸ் சோதனையையும் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. நம் மன்றங்களின் அடுத்த கூட்டத்துக்கு எத்தனை பேர் தம் தாயையும், அக்காளையும், மனைவியையும் அழைத்து வரப்போகிறோம். கூட்டம் முடிந்தபின் எத்தனை பேர் அவர்களோடு சுகாதார நிலையத்துக்கு நடக்கப்போகிறோம் என்பதை, இந்த ஏட்டைக் கீழே வைக்குமுன் எண்ணிச் சொல்லுங்கள்.